கோலப்பன் விழுந்த விஷயம்

கோலப்பன் அண்ணாச்சிக்கும் எனக்கும் சாலைக் கடைத்தெருவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவருடைய கயிறு, தார்ப்பாய்க் கடை. இந்தப் பக்கம் என்னுடைய வத்தல், மல்லிக் கடை. அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு மூன்று குறைவு. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் கடை திறந்ததும், "மைதீனே, இருக்கியாடே?" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் பதில் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் வியாபாரம் ஓடும்.

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தக் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நைலான் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து இடது தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். வெளியே அடைமழை. இவருக்கோ சட்டை முதுகோடு ஒட்டிப்போய், வேர்த்துக் கொட்டியது.

"என்ன அண்ணாச்சி?"

"வாயுடே. ராத்திரி மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு இஞ்சி சோடா வாங்கிட்டு வா."

"நெஞ்சு வலிக்கா?"

"முட்டுக்கால வச்சு ஒருத்தன் அமுக்குத மாதிரி இருக்கு. தாடையும் கடுக்கு."

நான் சோடாவுக்குப் போகவில்லை. தெருமுனையில் நின்ற அஜினின் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவரைத் தாங்கி ஏற்றினோம். "பேடிக்கண்ட சேட்டா, இப்போ எத்தும்" என்று, பயப்பட வேண்டாம், இதோ போய்ச் சேர்ந்துவிடலாம் என மலையாளத்தில் சொல்லிக்கொண்டே அஜின் தண்ணீரைக் கிழித்து ஓட்டினான். வழியிலேயே பகவதி மைனிக்குப் போன் செய்தேன். அண்ணாச்சியின் மனைவி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர்.

நாங்கள் போனது சின்ன ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஆஷா என்று ஓர் இளம் டாக்டர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்த பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். ஈசிஜி தாளைப் பார்த்தவள், உடனே மாத்திரைகளை நீட்டினாள்.

"மாமா, இந்த ஆஸ்பிரினை நன்னா மென்னு முழுங்குங்கோ. மத்த மாத்திரையைத் தண்ணியோட போட்டுக்கலாம்."

பிறகு என்னிடம் சொன்னாள். "ஹார்ட்டுக்குப் போற குழாய்ல ரத்தம் கட்டி அடைச்சிண்டிருக்கு. இந்த மாத்திரை கட்டி மேல பெருசாகாம தடுக்கும், இருக்கற கட்டியைக் கரைக்காது. குழாய்ல பலூன் விட்டுத் திறக்கறதுதான் நல்லது. அந்த வசதி இங்க இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா ரோடெல்லாம் வெள்ளம், எத்தனை மணி நேரம் ஆகுமோ தெரியலை. அதுவரைக்கும் ஹார்ட் தாங்காது. கட்டியைக் கரைக்கற ஊசி இருக்கு, அதை இங்கேயே போட்டுடறேன்."

அப்போதுதான் மைனி நனைந்த சேலையோடு ஓடி வந்தாள். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் வேகமாகக் கேட்டாள்.

"பக்கவாதம் வந்திருக்கா? சமீபத்துல ஆபரேஷன் உண்டா? மலத்துல ரத்தம் போச்சா?"

"இல்ல. இல்ல. இல்ல."

"மூணு மாசத்துக்குள்ள தலையில ஏதாவது அடி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மைனி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார்.

அவர் சொன்னது பொய். பதினொரு நாள் முன்னால், மேல் தட்டிலிருந்த தார்ப்பாயை எடுக்க ஏணியில் ஏறியவர் மல்லாந்து விழுந்தார். பின்மண்டை தராசுப் பலகையில் இடித்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது கண் சொருகிக் கிடந்தார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் முழித்தார். சாயங்காலம் ஓடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் அதே ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்திருந்தார். இனி ஏறுவதில்லை என்று மைனியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். "பகவதி அறிஞ்சா தாங்கமாட்டாடே. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணிவிட்டேன்.

நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அண்ணாச்சி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண் 'வேண்டாம்' என்று கெஞ்சியது.

"டாக்டர், அவர் விழுந்தார்" என்றேன். "பதினொரு நாள் ஆச்சு. தலையில அடி. ஒரு நிமிஷம் நினைவு இல்ல. வாந்தியும் எடுத்தார்."

"டே மைதீனே!" என்றார் அண்ணாச்சி. அந்த வலியிலும் அவருக்குக் கோபம் வந்தது.

ஆஷா டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஊசி வேண்டாம். இந்த மருந்துக்கு எந்தக் கட்டின்னு பார்த்துக் கரைக்கத் தெரியாது. மண்டைக்குள்ள காயம் இருந்து, அதை மூடி ரத்தம் உறைஞ்சிருந்தா, அதையும் கரைச்சுடும். உள்ள ரத்தம் ஒழுக ஆரம்பிச்சா நிறுத்தறது ரொம்பக் கஷ்டம்." சொல்லிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர், "ஏது வழி போகும்?" என்று கையை விரித்தார். அஜின் தன் ஆட்டோ நண்பர்கள் நாலைந்து பேருக்குப் போன் செய்து, எந்தத் தெருவில் தண்ணீர் குறைவு என்று கேட்டுக்கொண்டான். "என்றெ பின்னாலெ வந்நா மதி", பின்னால் வந்தால் போதும் என்று ஆட்டோவை முன்னால் விட்டான். நான் கேள்விப்படாத சந்துகளில் எல்லாம் புகுந்து நாற்பது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். வழிநெடுக மைனி அண்ணாச்சியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கே முதலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே நூல் கனத்துக்கு ரத்தம் கசிந்து நின்றிருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் குறைத்துப் போட்டு, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அந்த டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று நாள் மைனி என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வராந்தாவில் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் சாயா ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"பதினொரு நாள் தலைக்குள்ள ரத்தத்தோட என் பக்கத்துல படுத்துக் கிடந்திருக்கார். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"சத்தியம் வாங்கிட்டார் மைனி."

"சத்தியத்தை உடைச்சீங்களே, அதுக்குக் காலமெல்லாம் கும்பிடுவேன். அதைப் பதினொரு நாள் காப்பாத்தினீங்களே, அதுக்கு உங்களைச் சும்மா விடமாட்டேன். ரெண்டும் உண்டு தம்பி, கேட்டீங்களா." சொல்லிவிட்டு அழுதாள்.

உள்ளே போனால் அண்ணாச்சி, "வாடே துரோகி" என்றார். என் கையை மட்டும் விடவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரைதான் பெரும்பாடு. பல் தேய்த்தால் ரத்தம். கை எங்காவது இடித்தால் நீலம் பாய்ந்தது. "இது என்னைக் காப்பாத்துதா, கொல்லுதா?" என்று ஒருநாள் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார். மைனி கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. ஆஷா டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா, உள்ள வச்சிருக்கறது புதுக் கம்பிவலை. ரத்தத்துல இருக்கற அணுக்கள் அதைக் கண்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு மறுபடி அடைச்சுடும். மாத்திரை ஒட்டவிடாம பண்றது. அதனாலதான் ஈறுல ரத்தம் நிக்க நாழியாறது. மெதுவான பிரஷ் வாங்குங்கோ. தலைவலி வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ உடனே சொல்லணும். நாங்க சொல்லாம ஒருநாள்கூட நிறுத்தப்படாது."

"சரி மோளே" என்று மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் தலையில் இருந்த ரத்தம் முழுக்க வற்றியிருந்தது. ஏணியை மைனி பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரனுக்குப் போட்டுவிட்டாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் இரண்டு கடையிலும் நல்ல கூட்டம். நடுவில் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து போனை எடுத்தார். நான் வத்தல் நிறுத்துக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

"பகவதி, பயப்படாதே. நெஞ்சுல லேசா ஒரு பிடித்தம் மாதிரி இருக்கு. உங்கிட்டதான் முதல்ல சொல்லுதேன். நீ ஆஸ்பத்திரிக்கு வந்திரு, நானும் மைதீனும் இதோ கிளம்பிட்டோம்."

ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, புளியேப்பம்தான். வெளியே வந்ததும், "உன்னைச் சும்மா அலைய வச்சுட்டேன்" என்று அவர் மைனியிடம் தலை குனிந்தார்.

"இப்படி நூறு தடவை அலைய வையுங்க" என்றாள் மைனி. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். சாலை என்றும் பாராமல் அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். நான் நாலடி பின்னால் போனேன்.