புதன் ஹோரையில் சொருகிய கேபிள்

ராஜ வீதித் தேர்முட்டிக்குப் பின்னால், ஒரு மாடியறையில் கணிப்பொறி ஜோதிட நிலையம் நடத்திவந்தார் சுப்பண்ணன். பிறர் வாழ்வின் எந்த மூலையில் எந்தக் கோள் ஒளிந்திருந்தாலும் அதைக் காதைப் பிடித்து இழுத்து வரும் வல்லமை அவருக்கு இருந்தது. தம் மேசைமேல் வந்தமர்ந்த புதுப் பிரிண்டரின் மனக்குறிப்பை மட்டும் அவரால் அறிய முடியவில்லை.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் ஆவணி மாதம். பழைய பிரிண்டர் ஒரு ஜாதகம் அச்சிடுவதற்குள் விசைத்தறிபோல் இரைந்து, கீழ்க்கடை பாத்திர வியாபாரியின் வசவையும் சேர்த்து வாங்கித் தந்துகொண்டிருந்தது. அதைக் கணிப்பொறிக் கடையில் கொடுத்துவிட்டு, வண்ணத்தில் அச்சிடும் புதியதொன்றை வாங்கினார். யு.எஸ்.பி. என்று சொல்லப்பட்ட மெல்லிய கேபிள் ஒன்றும் அதனோடு வந்தது. புதன்கிழமை மாலை பெட்டியை இறக்கிய கடைப்பையன், "நாளைக்கு எங்க இன்ஜினியர் வந்து சாப்ட்வேர் ஏத்துவாருங்க. அதுவரைக்கும் கேபிளை மட்டும் சொருகிப்போடாதீங்க" என்று இருமுறை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினான்.

ஆனால் வியாழன் காலையில் புதன் ஹோரையும் நல்ல நேரமும் கைகோத்து வந்தன. எழுத்துக்கும் கணக்குக்கும் அதிபதியான புதனின் பொழுதை ஒரு கடைப்பையன் பேச்சுக்காக நழுவவிடுபவர் ஜோதிடராவாரா? பிரிண்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின. தேங்காய் உடைந்தது. திருப்பள்ளியெழுச்சி ஒன்றுதான் பாடவில்லை. கற்பூர ஒளியில் கேபிளைச் சொருகினார். உடனே திரையில் ஒரு சதுரம் எழுந்து, 'புதிய சாதனம் கண்டேன், இதற்குரிய சாப்ட்வேர் வட்டு எங்கே?' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் கேட்டது. தீபாராதனை நடுவே குறுக்கே நின்ற அந்தச் சதுரத்தைச் சகுனத்தடை என்று கருதிய சுப்பண்ணன், 'கேன்சல்' என்ற பொத்தானை அழுத்தி அதை அடக்கிவிட்டார்.

அவர் அடக்கியது சதுரத்தை அன்று, பிரிண்டரை. அதன்பின் பிடுங்கிச் சொருகினாலும், மந்திரம் சொல்லிச் சொருகினாலும், அது அசையவில்லை. கணிப்பொறியின் சாதனப் பட்டியலில் 'இன்னதென்று தெரியாத பொருள்' என்ற பெயரோடு, மஞ்சள் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி தோன்றியது. மஞ்சள் மங்கலமாயிற்றே என்று சுப்பண்ணன் சற்று ஆறுதலும் கொண்டார்.

அந்த ஆறுதல் நண்பகல் வரையில்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டி கோபாலசாமியும் அவர் மனைவி பாவாத்தாளும் படியேறி வந்தனர். அவர்களுடைய ஒரே மகனுக்கு அவிநாசியில் நூல்மில் அதிபர் வீட்டில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தந்தைக்குக் கையெழுத்து ஜாதகத்தில் நம்பிக்கையில்லை. கணிப்பொறி அச்சிட்ட பொருத்தக் காகிதம்தான் வேண்டும். அவர் மாலையில் பம்பாய்க்கு விமானமேறுகிறார். அதற்குமுன் காகிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.

சுப்பண்ணன் மனக்கணக்குப் போட்டார். கோபாலசாமி ஒருவரைப் பிடித்தால் ஈரோட்டுப் பங்காளிகள் அத்தனைபேர் வீட்டுக் கல்யாணமும் இந்த மாடியேறும். அவரைத் தவறவிட்டால் எதிர்வரிசையில் கையால் கட்டம் வரையும் நரசிம்மலு, இன்று மட்டும் ஒரு கணிப்பொறி வாடகைக்கு எடுத்தாவது அவரை இழுத்துக்கொள்வார்.

கடை அனுப்பிய ஷாநவாஸ் அப்போதுதான் வந்தான். இடுப்பில் பேஜரும் சட்டைப்பையில் திருப்புளியுமாய் வந்த அந்த இளைஞன் ஒரு வைத்தியனின் தோரணையோடு நாற்காலியில் அமர்ந்தான். முதலில் மின்சாரத்தைக் குறை சொன்னான். "எர்த் சரியில்லீங்க" என்றான். பிறகு கேபிள் சொருகும் துளைக்குள் ஊதினான். பிறகு கணிப்பொறியை நிறுத்தி எழுப்பினான். மறுபடியும் நிறுத்தி எழுப்பினான். ஜோதிடரின் பரிகாரத்துக்கும் அவன் பரிகாரத்துக்கும் பெரிய வேற்றுமை இல்லை. கற்பூரம் மட்டும் குறைவு. கடைசியில் பட்டியலைத் திறந்து மஞ்சள் குறியைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"ஏனுங்க, கேபிளை முன்னாலயே சொருகிட்டீங்களா?"

"நல்ல நேரம் பார்த்துத்தான் தம்பி சொருகினேன்."

"நேரம் நல்லதுதானுங்க. முறைதான் தப்பு. வந்தது யாருன்னு சொல்லாமயே கதவைத் திறந்துட்டீங்க. கம்ப்யூட்டரு ஊர்பேர் தெரியாத ஆளுன்னு எழுதி வெச்சுக்கிட்டு உள்ளயே விடமாட்டேங்குது. அந்தப் பேரை அழிச்சு, சாப்ட்வேர் ஏத்தி, அது கேக்கிறப்பத்தான் கேபிளைச் சொருகோணும்."

பாவாத்தாள் கணவனிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "நம்ம ஊட்டுக்கு வார மருமகளைவிட இதுக்குச் சீர் அதிகமா இருக்குதுங்க."

ஷாநவாஸ் கேபிளைப் பிடுங்கினான். பட்டியலிலிருந்து பெயரை நீக்கினான். கணிப்பொறியை மீண்டும் எழுப்பி வட்டை இட்டான். நீலக் கோடு ஒன்று திரையில் நத்தையாய் ஊர்ந்தது. அது கரையேறி, 'இப்போது கேபிளை இணைக்கவும்' என்று அறிவித்தபோது பாவாத்தாள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள்.

"சோசியருங்க, ராகுகாலம் பொறந்துபோச்சுங்களே."

சுப்பண்ணன் கையில் கேபிள் தொங்கிற்று. ராகுகாலத்தில் பால்காரனுக்குக் கதவு திறக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் விதித்தவர் அவர். சொருகினால் இருபது வருடத்துச் சொல் பொய். மூன்று மணிவரை பொறுத்தாலோ, பெண்ணின் தந்தை விமானநிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார். கோபாலசாமி நரசிம்மலுவின் படியில் இருப்பார். கோள்கள் ஒன்பதையும் படைத்தவனை அந்த நொடியில் ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம். அவனுக்கு ஹோரை இல்லாததாலோ என்னவோ, அவன் நினைவு சுப்பண்ணனுக்கு வரவில்லை. நாக்குத்தான் உதவிக்கு வந்தது.

"ராகு யாருங்க? அந்நிய தேசத்துக்கு அதிபதி. இந்தப் பிரிண்டர் அந்நிய தேசத்துச் சரக்கு. இதுக்கு ராகுகாலந்தானுங்க அமிர்தயோகம்!"

"அப்பறம் எதுக்குங்க காலைல புதன் ஹோரைல சொருகினீங்க?" என்றாள் பாவாத்தாள்.

"அதனாலதானுங்க அம்மணி அது வேலை செய்யலை!"

சொல்லிவிட்டுக் கேபிளைச் சொருகினார். பிரிண்டர் முனகியது, கண் விழித்தது. ஷாநவாஸ் பொத்தானை அழுத்த, காகிதம் உள்ளிருந்து மெல்ல நாக்கை நீட்டியது. விவரங்களை ஏற்றிய சுப்பண்ணன் முடிவு என்னவென்று திரையில் பார்க்கவும் மறந்திருந்தார். அச்சு வருமா என்பதைத் தவிர அன்று அவருக்கு வேறு எதிர்காலம் இல்லை. பாவாத்தாள் காகிதத்தை முதலில் எடுத்தாள். பத்துப் பொருத்தத்தில் மூன்று. பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம். அடியில், 'பொருத்தம் இல்லை' என்பது வண்ணப் பிரிண்டரின் பெருமையெல்லாம் விளங்க, இரத்தச் சிவப்பில் அச்சாகியிருந்தது.

கோபாலசாமி அதை எட்டிப் பார்த்தார். மஞ்சள் கிழங்கை முறித்துத் தரம் சொல்லும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஏனுங்க சோசியரே, இத்தனை நேரம் குந்தியிருந்தது இந்தக் காயிதத்துக்குங்களா? அவிநாசில அந்த மில்லைப் பாத்துப்போட்டு வேண்டாம்னு சொல்றதுக்கு நான் என்ன பைத்தியமுங்களா?"

"கிரகநிலை அப்படிங்க..."

"ராகுவையே இப்பத்தான் சட்டைப்பையில போட்டுக்கிட்டீங்க. செவ்வாய் அவ்வளவு பெரிய ஆளுங்களா?"

சுப்பண்ணன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கடிகாரங்கள் முன்னும் பின்னும் ஓடுவது உலகறிந்த செய்தி என்று ஷாநவாஸுக்கு விளக்கினார். பெண்ணின் பிறந்த நேரத்தைச் சற்றே பின்னால் தள்ளிப் பார்த்தார், செவ்வாய் நகரவில்லை. இன்னும் தள்ளினார், நகர்ந்தது.

"தம்பி, முதல் காயிதம் கேபிள் சரியா உக்காராதப்ப வந்ததுதானே?"

"கேபிள் உக்காரலைன்னா காயிதமே வராதுங்க" என்ற ஷாநவாஸ், தன் வட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது காகிதம் வந்தது. பத்தில் எட்டு, அடியில் பச்சை எழுத்து. கோபாலசாமி அதைப் பெற்று, இனித் தம் பங்காளிகள் எல்லாரையும் இங்கேதான் அனுப்புவதாக வாக்களித்துப் படியிறங்கினார். சுப்பண்ணனின் முகம் தேர்நாள் கோபுரம்போல் மலர்ந்தது.

பாவாத்தாள் மட்டும் இறங்கவில்லை. சிவப்பெழுத்துக் காகிதத்தை நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, அது தப்புக் காயிதமுங்க. இங்கயே போட்டுட்டுப் போங்க."

"இருக்கட்டுங்க. நாளைக்கு எம்பையனுக்கு ஒண்ணுன்னா உங்களைத்தானுங்க தேடி வாரோணும். வெறுங்கையோட வர முடியுங்களா?"

"தப்புங்க அது!"

"அப்படீங்களா?" பாவாத்தாள் காகிதத்தை எடுத்து விரித்து மேசைமேல் வைத்தாள். "அப்ப, தப்புன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. இங்கயே கிழிச்சுப்போட்டுப் போறேன்."

பேனா அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சுப்பண்ணன் அதை எடுக்கவில்லை.