மணி இல்லாத சிப்

ஜெயந்தன் தேநீரை ஆறவிட்டு எங்கள் முற்றத்து மணலில் குச்சியால் கட்டங்கள் கீறிக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

"இப்ப உள்ள கொம்பியூட்டர் சிப்புக்குள்ள ஒரு மணி அடிச்சிக்கொண்டே இருக்கும் மாமா. கெதியா வேல முடிச்ச பகுதியும் அடுத்த மணி அடிக்கிற மட்டும் சும்மா நிக்கணும். மணி இல்லாமச் செஞ்சா வேகம் கூடுமெண்டு கதைக்கிறாங்க."

"கதைக்கிறாங்களா, செஞ்சிட்டாங்களா?" என்றார் அப்பா.

"வாற வருசம் வருமெண்டு சில பேர் சொல்றாங்க. வராதெண்டும் சொல்றாங்க."

ஆலங்குடாவில் கரைவலை வைத்திருக்கும் என் அப்பா கில்பட் சம்மாட்டிக்கு, இன்னும் வராத ஒரு பொருளுக்காக இவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது தலைக்குள் ஏறவில்லை. எனக்கும் ஏறவில்லை. ஆனால் என் கல்யாணம் அதில் போய் மாட்டியிருந்தது. அந்தச் சிப் வந்தால் சிங்கப்பூருக்குப் போக விருப்பமா என்று ஜெயந்தனுடைய கொழும்புக் கம்பனி இப்போதே பெயர் கேட்கிறதாம். அம்மாவோ பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் படுக்கையில். தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதும் நான். பிடிக்காத மனிதரென்றால் பேச்சை அத்தோடு முடித்திருப்பேன். எனக்கு இவரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவித்தல் வாசிப்பதென்றால் இன்று பின்னேரமே ஃபாதரிடம் சொல்ல வேண்டும்.

"மணி இல்லாட்டி ஆர் எப்ப முடிச்சதெண்டு எப்புடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பக்கத்துல உள்ளவருக்குச் சொல்லணும். அவர் பதில் சொல்லணும்." குச்சியை நிறுத்தினார். "சிலநேரம் ரெண்டு பேருமே மத்தவர் முதல்ல சொல்லட்டுமெண்டு பாத்துக்கொண்டு நிண்டிடுவாங்க. அப்ப எல்லாம் நிண்டிடும். அத எப்புடித் தீக்கிறதெண்டுதான் எங்களுக்கு விளங்கல்ல."

வலை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால்.

"நீங்க வாறதெண்டாப் பேரக் குடுப்பன்," என்றார் ஜெயந்தன்.

"நீங்க குடுக்காட்டி நான் கல்யாணத்துக்கு ஓம் சொல்லுவன்."

அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. நானும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் ஒரு முடிவும் வரவில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு போய் வலையின் வடக்குக் கயிற்றைப் பிடித்தார். எனக்கு என்ன வந்ததோ, தெற்குக் கயிற்றில் ஆள் குறைவென்று நான் போய்ப் பிடித்தேன். நடுவில் நின்று அப்பா குரல் கொடுத்தார். ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இழுத்தது.

திடீரென்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ள, ஃபாதரிட்ட என்னத்தச் சொல்ல?"

குரல் நின்றதும் கயிறுகளும் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஜெயந்தன் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்கட்டும் என்று நானும் அவரையே பார்த்தேன். மீன் பட்டதோ இல்லையோ தெரியாத வலைமடி அலைகளுக்கு அப்பால் கிடந்தது. நனைந்த கயிறு என் கைக்குள் இறுகி நின்றது.