கூலிக்கு எங்கே பெயர் எழுதுவது

1
இந்தக் கதை திருத்தணி ரயிலில் காதில் விழுந்த ஒரு சண்டை. "பாயசத்துக்குக் காசு கீது, கிண்டுறவளுக்குத்தான் இல்லை!" என்று ஒருத்தி போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்கவில்லை, எனக்குக் குரல் போதும். பிரிஸில்லா என்று பெயர் வைத்தேன்.

முதல் தொடக்கம்: 'மலையடிவாரத்தில், அன்பே உருவான ஒரு…' வேண்டாம். நன்கொடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

2
தறிக்கூலிகளின் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு போடும் சின்ன சங்கம். பிரிஸில்லா அதன் பொருளாளர். முன்பு வெளிநாட்டுச் சபை ஒன்று மொத்தமாகப் பணம் அனுப்பியது. வாடகை, அரிசி, கூலி எல்லாம் அதில் நடந்தன. அது நின்றதும் ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும். ஆடிக் கிருத்திகைக்கு நாலைந்து வீட்டுப் பாயசம். மறுநாள் வெறும் ரசம். [பிள்ளைகளுக்கு வயிறு ஒன்றுதான். யாரிடம் சொல்வது?]

3
சமையல்காரி தாயம்மாளுக்கு ஆடியிலிருந்து சம்பளம் இல்லை.

"எத்தினி நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிகினு இருப்பீங்க? இன்னிக்கும் இல்லன்னா கல்யாண மண்டபத்து வேலைக்குப் போறேங்க."

அவள் போனால் சங்கம் மூடவேண்டியதுதான். பிரிஸில்லா கணக்கு நோட்டைப் புரட்டினாள். அந்த நேரம் பார்த்து, பணத்தோடு வந்தார் நிலக்காரர் கஜபதி.

"நாளைக்கு பேரனுக்குப் பொறந்தநாள்மா. வடை, பாயசம் போட்டுடு."

"இத சமையல் கூலியா குடுத்துடட்டுமா நைனா?"

"கூலிக்குக் குடுத்தா பேர எங்க எழுதுவ? சாப்பாடுன்னா போர்டுல எழுதலாம், பசங்க பாடுவாங்க, போட்டோ வரும்."

"தாயம்மா முதுகுல எழுதிடறேன்!"

"பொடவ எடுத்துக் குடுத்தா எழுதிக்கங்க!" என்றாள் தாயம்மாள் உள்ளேயிருந்து.

கஜபதி வாய்விட்டுச் சிரித்தார். பணத்தை மேசையில் வைத்தார். "போட்டோல முந்திரி தெரியணும், ஆங்?" என்று கிளம்பினார்.

(கஜபதியைக் கருமியாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. வருஷந்தவறாமல் கொடுக்கிற மனுஷன். அதுதான் எரிச்சல்.)

4
ஒரு முடிவு: பணம் கூலியாகிறது. போட்டோவில் முந்திரி இல்லை. அடுத்த வருஷம் கஜபதியும் இல்லை.

இன்னொன்று: முந்திரி வருகிறது. கிண்ட ஆளில்லை.

மூன்றாவது: அப்போது ஒரு நல்லவர் காரில் வந்து… சீ. அடித்துவிட்டேன். ரயிலில் கேட்ட குரலுக்குப் பின்னால் அப்படி எவனும் வரவில்லை.

இப்போதும் பிரிஸில்லா பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இன்னாமா, கடைக்குப் போவட்டா, மண்டபத்துக்குப் போவட்டா?" என்று தாயம்மாள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்னால் ஆகவில்லை, நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பிறந்தநாள் என்றைக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.