ஜூடித் செய்த வேகன்

சாம்பல் நிறப் பெயின்ட் பாதிக்கு மேல் உரிந்து திரவத்தில் பாலாடை போல மிதந்துகொண்டிருந்தபோதுதான் அந்த மாடல் ரயில் வேகனின் அடியிலிருந்து முதல் ஈயக்குண்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் கடுகைக் கொட்டியது போல முப்பது நாற்பது குண்டுகள், பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் நாலா பக்கமும் உருண்டன.

மார்னி குனிந்து பார்த்தாள். கடையில் வாங்கிய வேகனுக்குள் ஈயக்குண்டு இருக்காது. கம்பெனிக்காரன் ஒரு இரும்புத் தகட்டை வைத்து மூடிவிடுவான். தண்டவாளத்தில் ஆடாமல் ஓடவேண்டும் என்று குண்டுகளை எண்ணி, பசை தடவி ஒட்டுவது கையால் செய்கிறவர்கள் மட்டும்தான்.

இடுக்கியை விட்டு வேகனைத் தூக்கினாள். அது வெளியே வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு பிரேக் கைப்பிடிகளும் கழன்று டப்பாவிலேயே தங்கிவிட்டன. வேகனைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பாகத்தில் கம்பெனி பெயர் இல்லை. கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பொருத்திய பலகைதான் இருந்தது.

அம்மா செய்தது.

"ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் யாரும் இல்லை. அப்பா நெவில் பஸ் டிப்போவில் இருந்தார். வர ஐந்து மணி ஆகும். துணியால் ஒற்றிப் பார்த்தாள். ஒற்றிய துணியில் ஒரு வெள்ளை எழுத்து முழுசாக ஒட்டிக்கொண்டு வந்தது. வால் கொஞ்சம் சரிந்த எழுத்து. அதற்கு மேல் தொடவே பயமாக இருந்தது.

காலையில் டீயைக் குடித்துக்கொண்டே அப்பா சொன்னது ஒரே வரிதான். "அந்தக் கடை வேகன் இருக்கில்ல, ஆக்கர்டன் சுரங்கத்தோடது, சாம்பல் கலரு. அதை உரிச்சு வை மார்னி. சனிக்கிழமை கண்காட்சிக்குள்ள செங்காவி அடிச்சிடலாம்." அவளைத் தனியாக ஒரு வேலைக்கு நம்பியது அதுதான் முதல் தடவை. அலமாரியில் கம்பெனி அட்டைப்பெட்டி இருந்தது. மேலே ஆக்கர்டன் என்றும் அட்டவணை எண்ணும் அச்சாகியிருந்தன. திறந்தாள். உள்ளே சாம்பல் வேகன். இந்த மாடல் ரயில் பைத்தியம் பிடித்த வீடுகளில் வளர்ந்த யாரும் அதற்கு மேல் யோசிக்கமாட்டார்கள். பெட்டியோடு இருந்தால் ஒரு விலை, பெட்டி இல்லாவிட்டால் பாதி விலை. அதனால் எந்தப் பெட்டியில் எது வந்ததோ அதுதான் அதில் இருக்கும். பெட்டியை மாற்றி வைப்பது, சேகரிப்பவர்களுக்கு, பிள்ளையை மாற்றி எடுத்துவருவது மாதிரி.

இப்போதுதான் கீழ் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். கிச்சன் டிஷ்யூவில் சுற்றி, உடைந்த சக்கரங்களோடு கிடந்தது விலை உயர்ந்த கடை வேகன். அதன் பெட்டியை, அதற்கென்று வெட்டிய பஞ்சு மெத்தையோடு, யாரும் ஐந்து பவுண்டுக்குக்கூட வாங்காத அம்மாவின் வேகனுக்குக் கொடுத்திருக்கிறார் அப்பா. எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

லீட்ஸில் இருக்கும் அக்கா கொரினுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, வேலை நேரத்துல?"

"கொரின், அம்மா வேகனை உரிச்சிட்டேன்."

"எதை உரிச்சே?"

"சாம்பல் வேகன். கடை வேகன்னு நினைச்சு. பெட்டியில இருந்துச்சு. அப்பாதான் பெட்டியை மாத்தி வெச்சிருக்காரு. எழுத்தெல்லாம் போச்சு, ஒண்ணும் மிச்சமில்ல."

போனில் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கவிழ்த்துப் பாக்கலியா நீ? ரயில் பொட்டி அடியைப் பாக்காம வாங்காதேன்னு அந்த மனுஷன் நமக்குப் பாலோட ஊட்டி வளர்த்தாரே!"

"பெட்டியில இருந்துச்சுடி!"

"சரி, அழாதே. அப்பாகிட்ட சொல்லிடு. கத்தமாட்டாரு. உனக்கே தெரியும், மன்னிச்சிடுவாரு."

"அதான் பயமே. 'பரவால்ல கண்ணு'ன்னு சொல்லிட்டு அந்தப் பெட்டியை மூடி உள்ள வெச்சிடுவாரு. அப்புறம் அம்மா பேரை எப்ப சொல்லுவாரு?"

மார்னி போனை வைத்தாள்.

நெவிலின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா ஜூடித் செய்தது அந்த வேகன். அதற்கு முன்னால் அவள் ஒரு பொம்மை வண்டியைக்கூடத் தொட்டதில்லை. கடை வேகனைத் திருட்டுத்தனமாக எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, மூன்று வாரம், அவர் இரவு வேலைக்குப் போகும் நாட்களிலெல்லாம் சமையல் மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தே ஒட்டினாள், பூசினாள், ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுதினாள். நெவில் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். நிஜத்தில் ஒரு அடி இருப்பது இங்கே நாலு மில்லிமீட்டர். அந்த நாலு மில்லிமீட்டரில் ஒரு ஆணித்தலை தப்பாக இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடிக்கிற மனிதர்.

"எழுத்து நல்லா வந்திருக்கு. ஆனா இந்தச் சுரங்கத்து வண்டி சாம்பல் கிடையாது ஜூடித். போன மாசம்தான் ஒரு போட்டோ கிடைச்சுது. செங்காவி."

ஜூடித் விழுந்து விழுந்து சிரித்தாள். "கம்பெனிக்காரனும் தப்பு, அவனைப் பாத்து எழுதுன நானும் தப்பு. நீ ஒருத்தன்தான் சரி, நெவ். கேக்கை வெட்டு."

அவர் கேக்கை வெட்டினார். ஆனால் வேகனை ஓட்டவில்லை. தப்பான வண்டி தன் தண்டவாளத்தில் ஓடாது என்பது அவருடைய சட்டம். அதில் பெண்டாட்டிக்கும் விலக்கு இல்லை. அவள் இருந்தவரை அது ஓடவே இல்லை.

அவள் இறந்த பிறகு வந்த முதல் மாடல் ரயில் கண்காட்சியில், நிலக்கரி வண்டியில் ஏழாவதாக அதைக் கோத்தார். பார்வையாளர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு ஆள் விரலை நீட்டி, அந்த நிறம் தப்பாச்சே என்றார். நெவில் நிமிர்ந்து, "ஆமா, தப்புதான். என் மனைவி ஜூடித் செஞ்சது" என்றார். அடக்கத்துக்குப் பிறகு அப்பா வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். வீட்டில் 'உங்கம்மா' என்றுகூடச் சொல்வதில்லை. அவள் கோட்டு தொங்கும் கொக்கியைப் பார்க்காமலே கடந்து போவார். ஆனால் ஒவ்வொரு கண்காட்சியிலும் யாராவது ஒரு மேதாவி விரலை நீட்டுவார், அவரும் அந்தப் பெயரைச் சொல்லுவார். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை. மார்னி எண்ணி வைத்திருந்தாள்.

அதனால்தான் அவள் சொல்லவில்லை.

கடை வேகனை உரித்து, அப்பா கண்ணில் படும்படி பெஞ்சில் வைத்தாள். மாலை வந்து பார்த்தவர், "சுத்தமா வந்திருக்கே. மூலையில கூட ஒட்டல" என்று பாராட்டினார். அவள் பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பீன்ஸ் பிடிக்கலியா?"

"வயிறு சரியில்லப்பா."

அம்மாவின் வேகனைத் தன் அறையில் ஷூ பெட்டிக்குள் வைத்திருந்தாள். கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பள்ளி விடுமுறை. அவர் டிப்போவுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். போன கண்காட்சியில் அவள் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கி, எழுத்துக்கு எழுத்து அளந்தாள். அம்மாவின் கை எங்கே நடுங்கியதோ அங்கே தானும் நடுங்கவேண்டும். எங்கே இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தை நெருக்கினாளோ அங்கே நெருக்கவேண்டும். சரியாகச் செய்வதற்கென்று அப்பாவிடம் கற்றதையெல்லாம் தப்பை அப்படியே திரும்பச் செய்வதற்குச் செலவழித்தாள். நாலு தடவை எழுதி நாலு தடவை துடைத்தாள். சாம்பலில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடிவிட்டது என்று மறுபடி கலந்தாள். குண்டுகளைப் பொறுக்கி ஒட்டினாள். இரண்டு கைப்பிடிகளையும் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அட்டைப்பெட்டியில் பஞ்சு மெத்தைமேல் வைத்து மூடியபோது, அவளுக்கே அது அம்மா செய்ததாகத்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம். அப்புறம் பெட்டியை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சனிக்கிழமை, கண்காட்சி நடந்த மாதாகோவில் கூடத்தில் ஒரே கூட்டம். ஈரக் கோட்டு வாசனை, பேக்கன் சாண்ட்விச் வாசனை. நெவிலோடு தண்டவாளத்தை இயக்குபவர் கிளிஃப், ஓய்வுபெற்ற தபால்காரர். பார்வையாளர்கள் எல்லோரும் தடுப்புக்கு முன்னால். இவர்கள் மூன்று பேரும் பின்னால், சுவிட்சுகளோடு.

"என்ன மார்னி, பேயடிச்ச மாதிரி நிக்கிறே? பரீட்சை ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்ல கிளிஃப். தூக்கமில்ல."

"உன் வயசுல நானும் தூங்கல. காரணந்தான் வேற."

நெவில் பெட்டியைத் திறந்தார். வேகனை எடுத்து, பார்க்காமலேயே பழக்கத்தில், ஏழாவதாகக் கோத்தார். செங்காவி அடித்த கடை வேகன் எட்டாவது. வண்டி கிளம்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. முன்னால் நின்றவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மார்னிக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

மூன்றாவது சுற்றில் வண்டி அவர்கள் பக்கமாக வந்து நின்றபோது, கிளிஃப் குனிந்தார்.

"அடப்பாவி நெவ்! கடைசியில சரி பண்ணிட்டியே!"

"எதை?"

"பிரேக் கைப்பிடியை. எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் வலது கோடியில இருக்கணும்ல? நம்ம பக்கத்துல மட்டும் ஜூடித் இடது கோடியில ஒட்டியிருந்தா. எத்தனை தடவை சொன்னேன், மாத்துன்னு. செத்தாலும் மாத்தமாட்டேன்னே. இப்ப பாரு, வலப்பக்கம் இருக்கு!"

மார்னியிடம் இருந்த போட்டோ முன்பக்கம்தான். பின்பக்கத்துக்குப் போட்டோ கிடையாது. அவள் யோசிக்கவே இல்லை. கை அதுவாகவே வலது கோடிக்குப் போய் ஒட்டியிருந்தது. வேறு எங்கேயும் ஒட்ட அப்பா பழக்கிய அந்தக் கைக்குத் தெரியாது.

நெவில் வேகனைக் கழற்றி எடுத்தார். கைப்பிடியைப் பார்த்தார். திருப்பி எழுத்துகளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார். கவிழ்த்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன், வண்டி ஏன் போகமாட்டேங்குது என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாம் என்று மார்னி வாயைத் திறந்தாள். 'அப்பா, நான்தான்' என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல கிளிஃப்" என்றார் நெவில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஜூடித் எப்படி ஒட்டினாளோ அப்படியேதான் இருக்கு."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா? போன வருஷம்கூட..."

"ஜூடித் ஒட்டினபடிதான் இருக்கு."

கிளிஃப் அவரைப் பார்த்தார். பிறகு மார்னியின் முகத்தைப் பார்த்தார். "டீ வாங்கிட்டு வரேன். ரெண்டு சர்க்கரைதானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

நெவில் வேகனை மறுபடி ஏழாவது இடத்தில் கோத்தார். மகள் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறைகூட. விசையைத் திருகும் கை மட்டும் கொஞ்சம் மெதுவாக நகர்ந்தது. வண்டி கிளம்பி, வளைவில் திரும்பி, மலைக்குப் பின்னால் போயிற்று.

அடுத்தடுத்து இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொன்னார். இதுவரை அப்படிச் சொன்னதில்லை. பத்தடி தூரத்திலிருந்து ஆணித்தலையைக் கண்டுபிடிக்கிறவர், கைக்குள் வைத்துப் பார்த்தும் அப்படிச் சொன்னார். கிளிஃப் டீயோடு திரும்பி வர இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் அவர் பக்கத்தில் போய் நின்று, நடந்ததைச் சொல்லிவிட முடியும். சொன்னால், அவரிடம் மிச்சமிருந்த அந்தப் பெயரையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகுமா, இல்லை, அதற்காகத்தான் அவர் திரும்பிப் பார்க்காமல் நின்று காத்துக்கொண்டிருக்கிறாரா?