வடக்குப் பிரதி

வின்ட்ரோ உருளைக்கிழங்கு கம்பெனியில் பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள் லோர்னா பெல்கி. அப்படிப் பெயர் வாங்கியவர்கள் சொல்லும் பொய் எவ்வளவு நன்றாக எடுபடும் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடமாக, அலுவலகம் உள்ள எல்லா நாளும், ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"வடக்கு மறுபடி விழுந்துடுச்சு." இதுதான் அந்தப் பொய்.

வடக்கு என்பது கனடா எல்லையில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் கம்பெனிக்கு இருந்த தொழிற்சாலை. உருளைக்கிழங்கை உரித்து, நீளநீளமாய் நறுக்கி, பாதி பொரித்து, உறையவைத்து அனுப்புகிற இடம். போர்ட்லாந்துத் தலைமை அலுவலகத்திலிருந்து காரில் கிளம்பினால் ஒரு பகல் முழுக்க அதற்கே போய்விடும். லோர்னா ஒருமுறைகூடப் போனதில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கண்காணிப்பது அவள் வேலை. ஜன்னலில்லாத அறை, இரண்டு திரை, எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் குளிர்சாதனம், சட்டைக்கு மேல் வருடம் முழுக்க ஒரு ஸ்வெட்டர்.

கம்பெனியில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், பிரின்டருக்கும், அவற்றைக் கோக்கிற பெட்டிகளுக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பெயர்ச்சேவை இருந்தது. அது ஒரே இடத்தில் குந்தியிருக்கும் சங்கதி இல்லை. போர்ட்லாந்தில் ஒரு பிரதி, வடக்கே ஒரு பிரதி. இங்கே ஒரு பெயரை மாற்றினால் இரண்டும் கலந்து பேசி ஒத்துப்போக வேண்டும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றது காரியத்தை முடிக்காமல் காத்துக்கிடக்கும். லோர்னாவின் கண்காணிப்பு மென்பொருளோ, எதையும் தொடுமுன் இந்தச் சேவையிடம் போய்ப் பெயர் கேட்டுவிட்டுத்தான் தொடும். நல்ல ஏற்பாடுதான். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற எந்த ஏற்பாட்டையும்போல, இரண்டு பேருக்கும் நாக்கு வேலை செய்கிறவரைக்கும்.

இந்த ஏற்பாடு வந்த முதல் குளிர்காலத்தில் வடக்குப் பிரதி உண்மையாகவே விழுந்தது, கேட்டதற்குப் பதில் இல்லாமல் போயிற்று. பனிக்கட்டி படிந்து கம்ப்யூட்டர் லைனின் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. லோர்னா வடக்கே மெஷின் அறைக்கு போன் போட்டாள். எடுத்தவன் லூசியன் திபடோ, அந்தப் பிரதி இருந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள அங்கே இருந்த ஒரே ஆள். அந்தப் பக்கத்து பிரெஞ்சு வாடை அடிக்கும் பேச்சு.

"என்ன மேடம், நான் செத்துட்டேன்னு உங்க திரை சொல்லுதா?"

"ஆமா, செத்துட்டீங்க."

"சொர்க்கத்துலயும் உருளைக்கிழங்கு நாத்தந்தாங்க. ஏமாந்துடாதீங்க."

லோர்னா சிரித்தாள். சிரித்த பிறகுதான், வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று அவளுக்கே உறைத்தது. கணவன் டேல் வீட்டை விட்டுப் போய் வருடங்களாகியிருந்தன. மகள் அரிசோனாவில், நன்றி சொல்லும் பண்டிகைக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். மற்றபடி வீட்டில் அவளோடு பேசியது வானிலை அறிக்கை வாசிக்கிறவர்தான். அவருக்கும் இவள் பதில் சொல்கிற அளவுக்கு வந்திருந்தது.

அடுத்த கோடையில் தொலைபேசிக்காரர்கள் புது லைன் இழுத்தார்கள். அதற்குப் பிறகு வடக்குப் பிரதி கல்லுக்குண்டு மாதிரி நின்றது. அழைக்கக் காரணம் போய்விட்டது. ஆனால் அந்தக் கம்பெனியில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ரிசப்ஷனில் இருந்த பெவ்விடம் காரணம் சொன்னால்தான் லைன் கிடைக்கும். லோர்னா இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பெவ்விடம் போய், "வடக்கு விழுந்துடுச்சு" என்றாள்.

"ஐயோ பாவம், மறுபடியுமா? இந்தாங்க லைன்."

அவ்வளவுதான். பாழாய்ப்போன அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது!

லூசியன் போனை எடுப்பான். "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். "பண்ணிட்டேன்" என்பான். பிறகு பத்து நிமிஷம் பேச்சு. பக்வீட் மாவில் ஊற்றுகிற பிளோய் என்ற தோசையைத் திருப்பிப் போட்டுச் சுடுகிறவன் மனுஷனே இல்லை என்பான். நாய்க்கு மூட்டுவலி என்பான். எனக்குந்தான், ஆனா அதுக்கு மட்டும் டாக்டர் வீட்டுக்கு வர்றாரு என்பான். பனி உடைகிற நாளில் ஆறு போடும் சத்தத்தில் தூங்க முடியாது என்பான். மனைவி போய்விட்டதை ஒரே ஒருமுறை சொன்னான். நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை நாய்க்கு மாற்றினான். லோர்னாவும் மாறிக்கொண்டாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்து தலை சீவினாள் என்று சொன்னால் மிகையில்லை.

இதெல்லாம் பெவ்வோடு நின்றுவிடும் என்று நினைத்தாள். பெவ் இரக்கக்காரி. இரக்கக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூற்று மூன்று மார்ச்சில் ஒரு காலை, மேலாளர் ஸ்கிப் ஹாஸ்கெல் அவள் அறைக்குள் வந்தான். லோர்னாவைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன். நல்ல பையன்தான், அதுதான் தொந்தரவே.

"லோர்னா, கண்ண மூடிக்கோங்க. பரிசு!"

மேஜைமேல் ஒரு டேப்பை வைத்தான். கண்காணிப்பு மென்பொருளின் புதுப் பதிப்பு.

"இனிமே பேரையெல்லாம் அந்தப் பெயர்ச்சேவைகிட்ட போய்க் கேக்கவே வேணாம். மொத்தத்தையும் இங்கயே, நம்ம டிஸ்க்லயே வச்சுக்கும். வடக்கு இருந்தா என்ன, விழுந்தா என்ன! நீங்க தினம் படற பாட்ட பெவ் சொல்லிச்சொல்லி எனக்கே மனசு கேக்கல. மேலிடத்துல சண்ட போட்டு வாங்கினேன்."

லோர்னா டேப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "அது... அவ்வளவு மோசமில்ல, ஸ்கிப்."

"பாத்தீங்களா, இப்பவும் குறை சொல்ல மாட்டேங்கறீங்க. அதனாலதான் உங்களுக்காக நான் சொன்னேன்."

உண்மையைச் சொல்லிவிட அது நல்ல நேரம். வடக்கு விழவில்லை, நான்தான் விழுந்துகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐம்பத்திரண்டு வயதுப் பெண், முகம் பார்க்காத ஒருவன் குரலுக்காகக் கம்பெனிக் காசில் பொய் சொன்னாள் என்பதை அந்த நல்ல பையன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நன்றி சொன்னாள்.

வேலையைக் கெடுத்திருக்கலாம். இழுத்தடித்திருக்கலாம். அதற்கும் அவள் கை வரவில்லை. திட்டம் போட்டாள், ஒத்திகை பார்த்தாள், பெயர்ச்சேவையில் இருந்த ஒவ்வொரு பெயரும் டிஸ்கில் பிசகில்லாமல் இறங்குகிறதா என்று சரிபார்த்தாள். அந்த வாரங்களில் காலை அழைப்பு மட்டும் நிற்கவில்லை. லூசியனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப என் பிரதிய என்ன பண்ணுவீங்க?"

"கடைசியா ஒருதடவ ரெண்டும் ஒத்துப்போகணும். அப்பறம் உங்கத அழிச்சிடுவோம்."

"செத்தவன மறுபடி சாகடிக்கிறீங்க. பாவம் சுத்தும் மேடம்" என்றான். வழக்கமான சிரிப்பு அதில் இல்லை.

மாற்றம் செய்கிற நாளன்று ஸ்கிப் டோனட் பெட்டியோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான். போக மாட்டான் போலிருந்தது. லோர்னா லூசியனைக் கூப்பிட்டாள். இரண்டு பிரதிகளும் பேசி முடித்தன. ஒரு பெயர்கூட வேறுபடவில்லை.

"மேடம்" என்றான் லூசியன். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். புது லைன் போட்டதுக்கப்பறம் என் மெஷின் ஒருதடவகூட விழுந்ததில்ல. நீங்க ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வீங்க. நான் உக்காந்த எடத்துலயே காப்பியக் குடிச்சுக்கிட்டு பண்ணிட்டேன்னு சொல்வேன்."

லோர்னாவின் காதெல்லாம் சூடேறியது. பின்னால் ஸ்கிப் டோனட் மெல்லும் சத்தம்.

"தெரியும்" என்றாள்.

"தெரியும்னு எனக்கும் தெரியும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஆமா."

"சரி, அப்ப நீங்க பேச வேணாம், நான் பேசறேன். எனக்கு அந்தப் பத்து நிமிஷந்தான் நாளே. வெக்கத்த விட்டுச் சொல்றேன். என் வீட்டு நம்பர் எழுதிக்கறீங்களா? வேணாம்னா..."

ஸ்கிப்பின் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கியது. "லூசியன்! நான் ஸ்கிப். எங்க லோர்னாவ இத்தன வருஷமா என்ன பாடு படுத்திட்டீங்கய்யா உங்க பெட்டிய வச்சுக்கிட்டு!"

ஸ்பீக்கர் வழியாகத் தொழிற்சாலையின் இரைச்சல் அறைக்குள் வந்தது.

"ஆமா சார்" என்றான் லூசியன். "மெஷின் சரியில்ல. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு! லோர்னா, அழிச்சிடுங்க."

லோர்னா கட்டளையை அடித்தாள். உறுதிதானா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். வடக்குப் பிரதி போயிற்று. போனில் லூசியன், "இங்கயும் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு வைத்தான். ஸ்கிப் அவளுக்கு ஒரு டோனட்டை நீட்டினான். அவள் அதை வாங்கித் தின்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பெவ்விடம் போய், "வடக்குக்கு லைன் வேணும். ஒரு நன்றி சொல்லணும்" என்றாள். பெவ் கொடுத்தாள். மெஷின் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பெவ் தானாகவே அவள் அறைக்கு வந்தாள்.

"தொழிற்சாலை ஆபீஸ்ல கேட்டேன். அந்த திபடோவோட கணக்க முடிச்சுட்டாங்களாம். அந்த மெஷினுக்கே வேலை இல்லேன்னா அங்க ஆள் எதுக்குன்னு. உங்களுக்குச் சொல்லலியா?"

லோர்னா நேராக ஸ்கிப்பிடம் போனாள். கதவைச் சாத்தினாள். "வடக்கு விழவே இல்ல, ஸ்கிப். நான் பொய் சொன்னேன். அந்த ஆளுகிட்டப் பேசறதுக்காகச் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

ஸ்கிப் பேனா மூடியைத் திருகித்திருகிக் கழற்றி மாட்டினான். "ஒரு சம்பளம் மிச்சம்னு மேல எழுதிக் குடுத்தாச்சு, லோர்னா. இத இப்பச் சொன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். அவர் வேலை திரும்பாது."

"வீட்டு நம்பராவது குடுங்க."

"வேலைய விட்டுப் போனவங்க நம்பர அங்க தர மாட்டாங்க. கேட்டுப் பாத்துட்டேன்" என்றான். கேட்டிருக்க மாட்டான். ஆனாலும் அவன் கண் கலங்கியிருந்தது. அவளால் அவனை வெறுக்கக்கூட முடியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் கோட்டைக்கூடக் கழற்றாமல், நம்பர் விசாரிக்கும் சேவைக்கு போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"லூசியன் திபடோ. செயின்ட் ஜான் ஆத்துப் பக்கம்."

"அந்தப் பேர்ல எக்கச்சக்கமா இருக்காங்களே! அப்பன், மகன், சித்தப்பன், எல்லாருக்கும் அங்க ஒரே பேரு. எந்த ஊருங்க?"

லோர்னா வாயைத் திறந்தாள். கம்பெனியில் எந்தப் பெயருக்கும் முகவரி கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். அவன் நாய்க்கு எந்தக் காலில் வலி என்று தெரியும். எப்படி இருமுவான் என்று தெரியும். அவன் ராத்திரி எந்த ஊரில் படுத்துத் தூங்குகிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் அந்த மெஷின் அறையில் இருப்பான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ஊர் தெரியாது" என்றாள். "அவர் வீட்டுக்குப் பின்னாடி ஆறு ஓடுது."

"அங்க எல்லார் வீட்டுக்குப் பின்னாடியும் ஆறுதாங்க" என்றாள் அந்தப் பெண். சற்றுப் பொறுத்து, "முக்கியமான விஷயமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஒரு தடவ கூப்பிட்டா ரெண்டு நம்பர்தாங்க தரலாம்."

"சரி, ரெண்டு குடுங்க" என்றாள் லோர்னா. "மறுபடி கூப்பிடறேன்."