கண்ணுக்குத் தெரியாத அணி

புதுச் சட்டைகள் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தபோது உடைமாற்றும் அறையில் எல்லோரும் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பச்சை, பழுப்பு, சேற்று நிறம் எனத் திட்டுத்திட்டாக, பட்டாளத்து உடுப்பேதான். நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துப்பாக்கிகள்.

"இனிமே நீங்க டீம் இல்ல, படை!" என்றார் முதலாளி. பெயிண்ட் விற்றுப் பெரிய ஆளானவர். அந்தப் பெண்கள் கால்பந்து அணியைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். "பார்த்ததும் கதிகலங்கணும்."

இடது ஓரத்தில் ஆடுபவள் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். அணியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அவள் கவலை வேறு. பயிற்சியாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "உன் கால்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பந்தைக் கேட்டு வாங்க மாட்டேங்கிற. இன்னைக்கும் வாயைத் திறக்கலன்னா, அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளைத்தான் போடணும்."

அவளுக்குக் கட்டைக்குரல். பள்ளியில் பாடம் வாசிக்க எழுந்தாலே வகுப்பு சிரிக்கும். அன்று மூடிய வாய்தான்.

மழை விட்ட மைதானம். புல்லும் சேறும் மாறிமாறிக் கிடந்தன. அதைப் பார்த்தே அச்சடித்தது போலிருந்தது சட்டை. சிவப்பு உடுத்திய எதிரணிக்காரிகள் எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரிந்தார்கள். இவர்களோ ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குடி அடிச்சே?"

"உனக்குத்தான்!" என்றாள் அணித்தலைவி நெட்டை.

"நான் இந்தப் பக்கம்ல நின்னேன்!"

"தெரிஞ்சாத்தானே! புல்லு எது, நீ எதுன்னே புரியல."

பார்வையாளர் வரிசை ஊமைக்கோட்டானுக்குப் பக்கத்தில் இருந்தது. "நம்ம பொண்ணுங்க எங்கய்யா?" என்று முதலாளி கேட்பதும், "அதான் நீங்களே காசு போட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்களே!" என்று பின்னாலிருந்து ஒரு ரசிகர் சொல்வதும் காதில் விழுந்தன.

இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள். பதிவு செய்த சட்டையை மாற்ற நடுவர் சம்மதிக்கவில்லை.

"சரி, கண்ணை நம்பிப் புண்ணியமில்ல," என்றாள் நெட்டை. "எல்லாரும் கத்துங்கடி. எங்க நிக்கறோம்னு கத்துங்க." சொல்லும்போது அவள் ஊமைக்கோட்டானைப் பார்க்கவில்லை. மற்றவர்களும் பார்க்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். பந்து நெட்டையின் காலில். இரண்டு சிவப்புக்காரிகள் அவளை நெருக்கினார்கள். இடது ஓரம் ஈ காக்கை இல்லாமல் திறந்து கிடந்தது. ஊமைக்கோட்டான் அங்கே தனியாக நின்றாள். எதிரணியும் அவளைக் கவனிக்கவில்லை. நெட்டையின் கண் ஒருமுறை அவள் மேல் பட்டு, புல்லின் மேல் படுவது போல் நழுவிப் போனது.

"இங்க!"

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று அவளுக்கே திகைப்பு. சிவப்புக்காரி ஒருத்தி திடுக்கிட்டு நின்றாள். நெட்டை திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் வந்த திசைக்குப் பந்தை உதைத்தாள். அதன்பின் கால்கள் பார்த்துக்கொண்டன. வலை அசைந்தது.

தோற்றுத்தான் போனார்கள், இரண்டுக்கு ஒன்று. வெளியே வந்தவளின் முதுகில் பயிற்சியாளர் தட்டினார். "அடுத்த ஆட்டம் வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்க. வேணும்."

முதலாளி உடைமாற்றும் அறைக்கு வந்து, சேறு படிந்த சட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நிறத்தை மாத்திடலாம். ஆனா அந்தத் துப்பாக்கி இருக்கட்டும். எதிரிக்கு ஒரு பயம் வேணும்ல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"எதிரி இல்ல சார், எதிரணி," என்றது அந்தக் கட்டைக்குரல். "அவங்க பயந்துபோய் வராம இருந்துட்டா, நாங்க யார்கூட ஆடறது?"

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு அவள் நெஞ்சிலிருந்த துப்பாக்கிகளைப் பார்த்தார்.

"அப்ப வேற என்னதான் போடச் சொல்றீங்க?"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவளும்தான்.