அரை அங்குலத் தள்ளுபடி

ஒவ்வொரு முறை விலையைக் குறைத்தபோதும் அந்த மென்பொருள் கம்பெனி முதலாளி அரை அங்குலம் குள்ளமானார். எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்டிடம் மற்ற கம்பெனிக்காரர்கள் "விலையைக் குறைக்கிறோம்" என்றார்கள். இவரோ 'விலையை' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "நாங்க குறைச்சுக்கிறோம் சார்" என்று குழைவார். அப்படியே குறைந்தார். தையல்காரர் பேண்ட்டை வெட்டிக்கொண்டே இருந்தார். தகவல் தொழில்நுட்பப் போட்டியில் நாடு நாலு இடம் முன்னேறியதாக அந்த வருஷத்துப் பட்டியல் சொன்னது.

இதை முதலில் கவனித்தவள் அங்கே புரோகிராம் எழுதிய கமாக்கா. விட்டுப்போன ஒரே ஒரு கமாவைக் கண்டுபிடித்து, நின்றுபோன புரோகிராமை ஓட வைத்ததில் வந்த பேர். ஆஸ்பத்திரி வரிசைகளைச் சீர்செய்யும் மென்பொருளை மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினாள். முதலாளி அதில் தன் பேரைப் போட்டு விருது வாங்கினார். "நான் எழுதினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்று கேட்கப் போனாள். அண்ணாந்து பார்த்துப் பழகிய முகம் அன்றைக்கு அவள் உயரத்தில் இருந்தது. "உன்னை மாதிரி ஆயிரம் பேர் இன்னும் சல்லிசா கிடைப்பாங்கம்மா" என்று அப்போதே சீட்டைக் கிழித்தார். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று எதிர்க்கட்டடத்தில் ஓர் அறை பிடித்து, சொந்தக் கம்பெனி போர்டு மாட்டினாள்.

பழைய கம்பெனியின் வரவேற்பறையில் அவளுக்கொரு தோழி, சரியான ஓட்டை வாய். "அந்த வேலைக்கு நாங்க பாதி விலைதான் போட்டிருக்கோம்டி, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று கமாக்கா அவளிடம் வாராவாரம் போனில் சொல்வாள். போனை வைக்குமுன் சேதி முதலாளி காதுக்குப் போய்விடும், அவர் குறைச்சுக்கொள்வார். கமாக்கா ஒரு வேலைக்கும் விலை போட்டதே இல்லை.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மூன்றாம் வருஷம் ஊழியர்கள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார்கள். இன்னும் ஒரே ஒரு தள்ளுபடிக்குத்தான் ஆள் மிச்சம் என்றபோது, தோழி அவரை உள்ளங்கையில் ஏந்தி வந்து கமாக்காவின் மேஜையில் இறக்கினாள். அவர் கைகூப்பினார். "அது நீ எழுதினதும்மா. எங்கே வேணாலும் சொல்றேன், போட்டிக்கு மட்டும் வராதே!"

கொசு ரீங்கரித்த மாதிரி இருந்தது. கமாக்காவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நெஞ்சு குளிர்ந்தது, ஆனால் போதவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார், கேட்கல."

திரும்பச் சொன்னார்.

"கேட்கல."

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குத் தோழி அவரைக் கொண்டுவந்து விடுகிறாள், பதினொன்றுக்கு எடுத்துப்போகிறாள். அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கமாக்கா தன் வேலையைப் பார்க்கிறாள்.